அம்மா ஓட்டிய தீயணைப்பு வண்டி

"அந்தப் பொம்மைக் கடைக்கு நான் எதுக்குடா? நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. நான் துணி மடிச்சு வைக்கிறேன்."

லெகோ கட்டைகளின் பெயரில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவான லெகோலேண்டின் பேச்சை எடுத்ததும் அம்மா சொன்னது இது. தீபாவளி முடிந்து மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முஸ்தபா ஆயிற்று, வீரமாகாளியம்மன் கோவில் ஆயிற்று, மெர்லயன் முன்னால் நின்று போட்டோவும் எடுத்தாயிற்று. நவம்பர் கடைசி, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஒன்பது வயது மகளும் ஐந்து வயது சின்னவனும் ஒரு மாதமாக லெகோலேண்ட், லெகோலேண்ட் என்று ஜபம் செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முட்டி வலி வேறு. ஆனாலும் வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. "சும்மா உட்கார்ந்து வேடிக்கை பாரும்மா" என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

லெகோலேண்ட் இருப்பது சிங்கப்பூரில் இல்லை. கடலைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூர் மாநிலம், அங்கே இஸ்கந்தர் புத்ரி என்ற ஊர். 2012 செப்டம்பரில் திறந்தார்கள், ஆசியாவின் முதல் லெகோலேண்ட் அதுதான். எல்லோருக்கும் தெரிந்த உட்லண்ட்ஸ் வழியாகப் போக வேண்டாம். 1924-இல் போட்ட அந்தத் தரைப்பாலத்தில் விடுமுறை நாளில் மாட்டினால் காலைக் காபி மத்தியானச் சாப்பாடாகிவிடும். மேற்கே துவாஸிலிருந்து 1998-இல் திறந்த இரண்டாவது பாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பூங்கா பக்கம்தான்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து விசா கேட்பதில்லை, ஆனால் மலேசிய வருகை அட்டையை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்பியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், சிங்கப்பூருக்குத் திரும்பி நுழைய அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். நான் இதை முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஞாபகம் வந்து, வியர்த்துப்போய் அம்மாவின் பாஸ்போர்ட்டைத் தேடினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதும்.

கோச் பஸ்ஸில் போனால் மலிவு. ஆனால் இரண்டு சோதனைச்சாவடியிலும் மூட்டை முடிச்சோடு இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டும். அம்மாவின் முட்டியை நினைத்து வேன் பிடித்தோம். வேனுக்குள் உட்கார்ந்தபடியே பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும். ஓட்டிவந்தவர் ஸ்கூடாயைச் சேர்ந்த தமிழர், அங்கேயே மூன்று தலைமுறை. ஏறியதும் அம்மாவைப் பார்த்து, "பசியாறிட்டீங்களாம்மா?" என்றார்.

அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தையில் மனசு குளிர்ந்துவிட்டது. மலேசியத் தமிழர்களுக்குக் காலை ஆகாரத்தின் பெயரே பசியாறல்தான். நாமெல்லாம் டிபன், பிரேக்ஃபாஸ்ட் என்று போய்விட்டோம். "பார்த்தியா, எவ்வளவு அழகா கேக்குது அந்தத் தம்பி" என்று பாலம் முடிகிறவரை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் மடியில் ஒரு தூக்குவாளி, அதில் புளிசாதம். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. "வேன்லயே இருக்கட்டும், பாதகமில்லை."

நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டதால் அந்த இரண்டு நாளும் உள்ளூர்க் கூட்டமும் சிங்கப்பூர்க் கூட்டமும் சேர்ந்து நெரியும் என்று வேன்காரர்தான் முன்பே எச்சரித்திருந்தார். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படும் ரைடில் எல்லோரும் போய் நிற்பார்கள். நாம் நேராகப் பின்பக்கம் போய்விட வேண்டும்.

பின்பக்கம் போனோம். கோட்டைக்குள் டிராகன் என்ற ரோலர் கோஸ்டர். முதலில் இருட்டுக்குள் மெதுவாக நகர்ந்து, லெகோவில் செய்த ராஜா, சமையல்காரர்களையெல்லாம் காட்டிவிட்டு, அப்புறம் திடீரென்று வெளிச்சத்துக்குள் தூக்கி எறியும். வாசலில் உயரம் அளக்கும் பலகை. மகள் தாண்டிவிட்டாள். சின்னவனுக்கு இரண்டு விரல் அளவு குறைந்தது. ஷூவுக்குள் எக்கி நின்று பார்த்தான், தலைமுடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அங்கே நின்ற பெண் சிரித்தபடி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து அழுகை. பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒரு குட்டி டிராகன் இருப்பதைக் காட்டி, அதில் மூன்று தடவை ஏற்றிய பிறகுதான் நின்றது.

அடுத்தது ஓட்டுநர் பள்ளி. பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். ஆறு வயதுக்கு மேலே ஒரு மைதானம், மூன்றிலிருந்து ஐந்து வரை இன்னொன்று. பெரிய பிள்ளைகளுக்கு முதலில் பாடம் எடுக்கிறார்கள். சிவப்பு விளக்கு, வட்டச் சந்திப்பு, எந்தப் பக்கம் போகவேண்டும். அப்புறம் பேட்டரியில் ஓடும் குட்டிக் கார். வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள்.

என் மகள் பேருந்து வந்தால்கூட இரண்டு அடி பின்னால் நிற்கும் ரகம். சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றாள். பச்சை விழுந்தது, இடமும் வலமும் பார்த்தாள். மறுபடி சிவப்பு. பின்னால் ஐந்து கார் சேர்ந்துவிட்டது. ஒரு சீனப் பையன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் வானத்தைப் பார்த்து விரித்தான், அப்படியே நம்மூர் ஆட்டோக்காரர் மாதிரி. வட்டச் சந்திப்பில் ஒருவன் மூன்று சுற்று சுற்றிக்கொண்டிருந்தான், வெளியே வரத் தெரியவில்லை. சின்னவனோ தன் மைதானத்தில் ஓரத் தடுப்பில் இடித்து, அங்கேயே முட்டிக்கொண்டு நின்று, அதுவும் ஓட்டுவதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தான். எப்படியும் இருவருக்கும் லைசென்ஸ் கிடைத்தது. போட்டோ ஒட்டித் தர மட்டும் தனிக் காசு.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு போட்டுக் காட்டாமலே கொடுத்துட்டானா?"

வெயில் சொல்லி முடியாது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி மேலே இருக்கிற ஊர், மரங்களும் இன்னும் நிழலுக்குப் போதவில்லை. தொப்பி, தண்ணீர், துண்டு மூன்றும் அவசியம். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. சாப்பிட்டோம்.

சாப்பிட்ட மயக்கத்தில் மினிலேண்டுக்குள் நடந்தோம். ஆசிய நாடுகளின் கட்டடங்களை லெகோ கட்டைகளாலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். தாஜ்மஹால், அங்கோர் வாட், பாலியின் தானா லோட் கோவில், நம்ம மெர்லயன். அம்மா தாஜ்மஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆக்ராவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அம்மா சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மினிலேண்டில் எல்லாமே நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு என்று மேதாவி அப்பாவாக நான் அளந்துவிட, மகள் மனக்கணக்குப் போட்டாள். நிஜக் கோபுரம் 452 மீட்டர், இருபதால் வகுத்தால் 22 மீட்டருக்கு மேல் வரவேண்டும், இது அவ்வளவு இல்லையே அப்பா. உண்மைதான், இல்லை. கணக்கு டியூஷனுக்குக் கட்டும் காசு இந்த இடத்தில்தான் எனக்கு எதிராக வேலை செய்தது.

லெகோ என்ற பெயருக்கு டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்ற இரண்டு சொற்கள்தான் மூலம். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932-இல் ஒரு தச்சர் மரப் பொம்மை செய்யத் தொடங்கியது இத்தனை தூரம் வந்திருக்கிறது. இப்போதைய கட்டையின் வடிவத்துக்கு 1958-இல் காப்புரிமை வாங்கினார்கள். எட்டுப் புள்ளிக் கட்டை ஆறு இருந்தால் 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் பொருத்தலாமாம். எங்கள் வீட்டில் ராத்திரி காலில் குத்துவது அதில் ஏதோ ஒரு விதம்.

இப்போது தீயணைப்பு வண்டிக்கு வருகிறேன்.

லெகோ சிட்டி பகுதியில் ஒரு விளையாட்டு. வரிசையாக நாலைந்து வண்டிகள் தண்டவாளம் மாதிரி ஒரு தடத்தில் நிற்கும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குடும்பம். எஞ்சின் கிடையாது. வண்டிக்குள் இருக்கும் நெம்புகோலை மேலும் கீழும் அடித்தால்தான் நகரும். எதிரே 'தீப்பிடித்த' கட்டடம். அங்கே போய் இறங்கி, ஒருவர் பம்ப் அடிக்க, இன்னொருவர் குழாயை ஜன்னலைப் பார்த்துப் பிடிக்க, தீயை அணைத்துவிட்டு, ஏறி, மறுபடி அடித்துக்கொண்டே கிளம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் வெற்றி.

என் மனைவி நிழலில் பைகளைக் காவல் காத்தாள். நானும் பிள்ளைகளும் ஏறினோம். வரிசையில் சும்மா துணைக்கு நின்ற அம்மாவையும் அங்கிருந்த பையன் 'வாங்க வாங்க' என்று சைகை காட்டி ஏற்றிவிட்டான். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இதைப் பிடிச்சு அடிக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மணி அடித்தது. பக்கத்து வண்டியில் ஜிம்முக்குப் போகிற உடம்போடு ஒரு சீனத் தகப்பன். படபடவென்று அடித்தார், முதல் பத்து அடி பறந்தார். அம்மா அப்படி அடிக்கவில்லை. நெம்புகோலை முழுசாக மேலே தூக்கி, உடம்பு எடையை அதன் மேல் போட்டு, கீழே வரைக்கும் அழுத்தினார். மூச்சு ஒரே சீராக. தூக்கு, அழுத்து. தூக்கு, அழுத்து. எனக்குச் சட்டென்று எங்கள் தெருமுனை அடிபம்பு ஞாபகம் வந்தது. கோடையில் தண்ணீர் கீழே இறங்கிய பிறகு, பத்துக் குடம், பதினைந்து குடம் என்று விடியற்காலையில் அடித்துச் சுமந்த கை அது. நான் எதிர்ப்பக்கம் அடித்தது உபகாரமா உபத்திரவமா தெரியவில்லை. "நீ அவசரப்படாதடா, தாளம் போவுது" என்று திட்டு வாங்கினேன்.

தீ எரியும் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு வண்டியும் ஒன்றாக நின்றன. மகள் குழாயைப் பிடித்தாள். அம்மா இறங்கி, முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அங்கேயும் பம்பைப் பிடித்தார். தண்ணீர் கனமாக, அறாமல் போனது. பக்கத்தில் விட்டு விட்டுத் தெறித்தது. சின்னவன் பாட்டியைப் பார்த்து "அப்பாயி! அப்பாயி!" என்று கத்த, என்ன சொல்கிறான் என்று தெரியாத ஒரு மலாய்க் குடும்பமும் கூடச் சேர்ந்து 'அப்பாயி' என்று கத்தியது. ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்தோம்.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னொரு தடவை விடுவானா?"

விட்டார்கள். இன்னும் இரண்டு தடவை.

மூன்றரை மணிக்கு மேற்கே கருத்தது. அந்தப் பருவத்தில் அங்கே சாயங்கால மழை நிச்சயம். நாங்கள் வாங்கியிருந்தது இரண்டு பூங்காவுக்கும் சேர்த்த டிக்கெட். பக்கத்திலேயே 2013-இல் திறந்த நீர்ப் பூங்கா இருக்கிறது, ஆக ஓடினோம். முக்கால் மணி நேரம் கிடைத்தது. மெதுவாகச் சுற்றும் ஓடையில் பெரிய பஞ்சுக் கட்டைகள் மிதக்கும், அவற்றைப் பொறுக்கி நம் மிதவையின் மேல் கோட்டை கட்டிக்கொண்டே மிதக்கலாம். சின்னவன் எல்லோருடைய கட்டைகளையும் திருடி ஒரு சுவர் எழுப்பினான். அதற்குள் இடி. தண்ணீரில் இருந்த அத்தனை பேரையும் விசில் ஊதி வெளியே வரச் சொன்னார்கள். மின்னல் அடித்தால் ரைடும் நிற்கும், குளமும் காலி. காத்திருந்து பார்த்தோம், நிற்கிற மழையாகத் தெரியவில்லை. நீர்ப் பூங்காதான் முக்கியம் என்கிறவர்கள் காலையிலேயே அதை முடித்துவிடுங்கள். நாங்கள் செய்த தப்பு இது ஒன்றுதான்.

வேன்காரர் கேலாங் பாத்தா என்ற ஊரில் ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், நிறுத்தினார். ஈரத் தலையோடு சுடச்சுட நம்ம பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், இழுத்து ஆற்றிய பால் டீயான தே தாரிக். தூக்குவாளிப் புளிசாதத்தை அம்மா அவருக்கே கொடுத்துவிட்டார். முதலில் வேண்டாம் என்றவர், மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

பாலத்தில் இரண்டு மணி நேர நெரிசல். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நானும் வேன்காரரும் மட்டும் விழித்திருந்தோம்.

மறுநாள் காலையில் அம்மா எழுந்திருக்க எட்டு மணி ஆனது. தோள்பட்டையில் தைலம் தேய்த்துவிடச் சொன்னார். தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "பக்கத்து வண்டியில அடிச்சானே, அந்தச் சீனத் தம்பி. பாவம், அவனுக்கும் வலிக்கும்ல?"