ஸ்ரீரங்கத்தில் தேனீ பிடிக்கும் வேலை

மாசி பிறந்துவிட்டால் என் கைப்பேசி ஓயாது. "சார், வாசல்ல தேனீ வந்து அடைஞ்சிருக்கு, சீக்கிரம் வாங்க." தேனீப் பெட்டி வைத்துப் பிழைக்கிறவன் நான், கூட்டம் பிடிப்பது பக்கவேலை. ஈ சின்னதா பெரிசா, அடை கட்டியிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். உயரத்தில், முறம் அகலத்துக்கு ஒற்றை அடை தொங்கினால் அது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பூ ஓய்ந்தால் தானாகக் கிளம்பிவிடும், கிட்டே போகாதீர்கள், புகை போடாதீர்கள் என்று சொல்லிவிடுவேன்.

பல அடைகளை அடுக்காகக் கட்டி, பெட்டியிலும் வளரும் அடுக்குத் தேனீ என்றால் கதை வேறு. அம்மா மண்டபம் பக்கம் ஒரு வீட்டில், மொபெட் இருக்கைக்கு அடியில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தாய்க்கூட்டில் புது ராணி வெளிவரும் சமயம், பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இடம் தேடப் போன தேனீக்கள் திரும்பும்வரை நடுவழியில் இப்படி ஒரு தங்கல். வயிறு முட்டத் தேன் குடித்துக் கிளம்புவதால் அவ்வளவாகக் கொட்டாது. "கையுறை போட்டுக்கப்பா" என்று பாட்டி கதவிடுக்கிலிருந்து கெஞ்சினார். வெறுங்கையை மெல்ல உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக, லேசாக அதிர்ந்தது. நான் கொண்டுபோன பைக்குள் ராணி போனதும், பையின் வாயருகே சில தேனீக்கள் வயிற்றைத் தூக்கி இறக்கை வீசின. அந்த மணத்துக்கு மற்றவையும் ஊர்ந்து உள்ளே போயின.

பிடிப்பது சுலபம், தக்கவைப்பதுதான் பாடு. வேறு பெட்டியிலிருந்து புழு உள்ள அடையோடு மரச்சட்டம் ஒன்றை எடுத்து வைத்தால் பெரும்பாலும் தங்கும். ஆனால் பசித்தால் அடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடும். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் மேய்கிற பூச்சி அது; எந்தத் தெருவில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் வயல் ஓரம் வைக்கச் சொல்வார்கள். நெல்லில் காலையில் கொஞ்சம் மகரந்தம் கிடைக்கும், தேன் துளியும் கிடையாது. ஊருக்குள் கொல்லைத் தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடுகிறது. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும், அப்புறம் புளி. காவிரிக்கரை வாழையில் மடல் விரிந்தால் பூவுக்குள் தேன் கோத்து நிற்கும். கொள்ளிடக் கரைச் சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லாதவர் இல்லை. நியாயம்தான், ஆனால் என் பெட்டிகளுக்கு அதுவும் சோறு போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் சர்க்கரைப் பாகுதான் கதி.

திருச்சிக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு. 1910களில் பாதிரியார் நியூட்டன் இந்த அடுக்குத் தேனீக்கென்றே வடிவமைத்த சின்னப் பெட்டிதான் இன்றும் அவர் பெயரில் எங்கள் கையில் புழங்குகிறது.

மொபெட் வீட்டுக்காரர், "இங்கேயே ஒரு பெட்டி வைங்களேன், இடம் சும்மாதானே கிடக்கு" என்றார். கொல்லை முழுக்க சிமெண்ட்; நின்றிருந்த புங்கையையும் சருகு விழுகிறதென்று போன வருஷம் வெட்டிவிட்டாராம். அடுத்த தெருவில் நாலு தென்னை, ஒரு முருங்கை உள்ள வீட்டில் கேட்டு வைத்தேன்.