தலைமாட்டுக் குப்பி: கோத்தகிரி நாட்குறிப்பு

நவம்பர் 12, புதன்
சித்தி கோவையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி கொண்டுவந்திருக்கிறாள். ஜெபித்த ஆலிவ் எண்ணெயாம். அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் பஸ் ஏறியதும் நான் அதை ஜன்னல் திட்டுக்கு மாற்றினேன்.

நவம்பர் 13, வியாழன்
ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை. மழை.

நவம்பர் 14, வெள்ளி
குப்பி உறைந்து கிடக்கிறது. வெள்ளை வெளேரென்று, தட்டினாலும் அசையாமல். ஆலிவாவது ஒன்றாவது, சுத்தத் தேங்காயெண்ணெய். எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். “அதுக்கென்னடா, வெயில் வந்தா உருகிடும்” என்றாள்.

நவம்பர் 15, சனி
சபைக் கமிட்டி. அட்வெந்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத்துக்கு, நான்கு மெழுகுவர்த்தி வைப்பதா என்று இரண்டு மணி நேரம். வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டது நான்தான். லேவியராகமம் 10-ஐ வாசித்தேன். ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் சந்நிதிக்குக் கொண்டுபோய்ச் செத்துப்போனார்களே, அது கெட்ட நெருப்பு என்று அங்கே எழுதியில்லை. கர்த்தர் கட்டளையிடாத நெருப்பு, அவ்வளவுதான்.

பொருளாளர் சிரித்தார். “அப்படின்னா முதல்ல ஆர்கனைத் தூக்கி வெளியே போடுங்க தம்பி. புதிய ஏற்பாட்டில் அது எங்கே இருக்கு?” இன்னொருவர் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கோயிலை இழுத்தார். அதன் உத்தரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தது. 1830-ல் பிரதிஷ்டை பண்ணும்போது யாராவது வசனம் கேட்டார்களா என்றார். கூரை, பெஞ்சு, மணி இதெல்லாம் கூடிவர வசதி, ஆராதனை ஆகாது என்றேன். ஜெபம் சொல்லி ஏற்றுகிற மெழுகுவர்த்தி அப்படியா?

நல்ல பதில்தான் என்று வீடு வரும்வரை நினைத்தேன். செருப்பைக் கழற்றும்போது ஆர்கன் ஞாபகம் வந்தது. அது எந்தப் பக்கம்? சூரிக்கில் சீர்திருத்தவாதி ஸ்விங்க்லி 1520-களில் கோயில்களில் ஆர்கனை நிறுத்தியே விட்டார், அவரே பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர். எனக்குத் தெரிந்ததே இந்த ஒன்றுதான்.

நவம்பர் 16, ஞாயிறு
வழக்கம்போல ஆராதனையில் ஆர்கன் வாசித்தேன். இரண்டாவது கீர்த்தனையில் கை தடுமாறியது. யாரும் கவனிக்கவில்லை, பொருளாளரைத் தவிர.

நவம்பர் 19, புதன்
குப்பி மறுபடி தலைமாட்டில். அம்மாவே எழுந்து போய் எடுத்திருக்கிறாள்.

மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் சொல்லிச் செய்தது. அதற்கே ஜனங்கள் தூபங்காட்ட ஆரம்பித்ததும் எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டான். அம்மா தூங்கும்போது குப்பியைக் குப்பைக்கூடையில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து எடுத்து, மேலே ஒட்டியிருந்த டீத்தூளைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நவம்பர் 21, வெள்ளி
ரிப்போர்ட் திங்கள் என்கிறார்கள். போன வாரமும் திங்கள்தான் சொன்னார்கள்.

நவம்பர் 22, சனி. இரவு இரண்டு மணி
அம்மா தூங்கவில்லை. “மூப்பர்களைக் கூப்பிடேன்டா” என்றாள். எந்த மூப்பர் என்றேன். கண்ணை மூடிக்கொண்டே யாக்கோபு 5:14-ஐச் சொன்னாள்: “உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக.” எண்ணெய் பூசி ஜெபம்பண்ணுவது வரை ஒரு வார்த்தை பிசகவில்லை.

விலைக்கு வாங்கிய குப்பிக்கு வசனம் கிடையாது. எண்ணெய்க்கு இருக்கிறது. மாற்கு 6:13-லும் இருக்கிறது. எழுதியிராததை எல்லாம் தள்ளவேண்டும் என்று கமிட்டியில் பத்து வருஷமாகத் தொண்டை கிழியப் பேசுகிறேன். எழுதியிருக்கிற இதை எங்கள் சபையில் செய்து ஒருநாளும் பார்த்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. அப்பா படுத்திருந்தபோதும் கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு
ஆயரிடம் சொன்னேன். செவ்வாய் சாயங்காலம் வருகிறாராம். “பொருளாளரையும் கூட்டி வரட்டுமா?” என்றார். சரிங்கய்யா என்றேன். மூப்பர்கள் என்று பன்மையில்தானே இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்
நாளைக்காம்.

நவம்பர் 25, செவ்வாய்
மார்க்கெட்டில் செக்கு நல்லெண்ணெய் வாங்கி வந்தேன். அம்மா வேண்டாம் என்கிறாள். சித்தி அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம், அவள் மனசு நோகுமாம். வசனத்தில் இன்ன எண்ணெய் என்று இல்லையே என்று வேறு கேட்கிறாள்.

குப்பியை வெந்நீர்ச் சட்டியில் நிறுத்தியிருக்கிறேன். ஓரமெல்லாம் தெளிந்துவிட்டது, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டி மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து இரண்டு மிஸ்டு கால். கீழே ஸ்கூட்டர் சத்தம்