வெண்கட்டியில் ஒரு காதென்பு

1991இல் நான் ஆண்டு பத்து. இலங்கை மலையகத்து ஹட்டன் பனி ஜன்னல் வழியே பள்ளிக்கூட விஞ்ஞானகூடத்துக்குள் வந்துபோகும். அங்கேதான் எங்கள் விஞ்ஞான சேர், காதுக்குள் இருக்கும் சின்ன என்புகளான சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு மூன்றையும் கரும்பலகையில் முழ நீளத்துக்கு வரைந்தார். "ஏந்தியுருவின் நிஜ உயரம் மூன்று மில்லிமீற்றர்தான். உடம்பிலேயே சின்ன என்பு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வெண்கட்டித் துண்டுகளில் நான் பிள்ளையார் செதுக்குவது அவருக்குத் தெரியும். "அதே அளவில் செய்து காட்டு பார்ப்போம்."

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குப்பி விளக்கடியில் உட்கார்ந்தேன். ஒரு ஊக்கு, அரை பிளேட், அவ்வளவுதான். ஏந்தியுரு குதிரை ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடி மாதிரி இருக்கும். கீழே மெல்லிய தட்டு, அதிலிருந்து வளைந்து எழும் இரண்டு கால். அந்தக் கால்களுக்கு நடுவே குடையும்போதெல்லாம் உடைந்தது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், ஊக்கு முனை என் நாடித் துடிப்போடு சேர்ந்து துள்ளுகிறது. சேரிடம் சொன்னேன். "மணிக்கட்டை மேசையில் ஊன்று. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. இரண்டு துடிப்புக்கு நடுவில் ஒரே ஒரு கீறல்."

அப்புறம் விரல்களை ஆட்டிக்கொண்டே முன்கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோலுக்கடியில் ஏதோ ஓடியது. விரலுக்குள் தசை கிடையாது, பெரும்பாலும் முன்கைத் தசைகள்தான் நாண்களால் இழுத்து விரலை மடக்கி நீட்டுகின்றன என்றார்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பது விரல், ஆனால் தைலம் தேய்க்கச் சொல்வது முழங்கைக்குக் கீழே. ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அன்றிரவு தசை ஓடும் இடமாகப் பார்த்து அழுத்தினேன். "இன்னைக்குத்தான்டா சரியா பிடிச்சுவிடுற" என்றார்.

இப்போது நான் இருக்கும் இங்கிலாந்தில் வில்லார்ட் விகன் என்ற சிற்பி ஊசிக்காதுக்குள் சிலை செய்கிறார். அவரும் இதயத் துடிப்புகளுக்கு நடுவில்தான் செதுக்குகிறார். ஊசிக்கும் நாம் காது என்றுதானே சொல்கிறோம்! 1956இல் ஜோன் ஷே என்ற அமெரிக்க வைத்தியர், இறுகிப்போன ஏந்தியுருவை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்ததை வைத்து ஒரு பெண்ணைக் கேட்க வைத்தார். அதைப் படித்தபோது அவருடைய மணிக்கட்டு எங்கே ஊன்றியிருந்திருக்கும் என்றுதான் யோசித்தேன்.

பதினோராவது தடவை என்னுடையது உடையாமல் நின்றது. தீப்பெட்டிக்குள் கறுப்புத் துணி விரித்துக் கொண்டுபோனேன். சேர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று, வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.