மாற்றக் கூடாத சட்டம்: மிங் பேரரசு பற்றிய நாட்குறிப்பு

29 மார்ச் 2025

சீனாவை 1368 முதல் 1644 வரை ஆண்ட மிங் வம்சத்தைத் தோற்றுவித்தவரின் பிறப்பைப் பற்றி முதலில் எழுதிவிட வேண்டும்; அதை விட்டுவிட்டால் பின்னால் வருவது எதுவும் விளங்காது. ஜூ யுவான்ஜாங் 1328-இல், இன்றைய அன்ஹுய் மாகாணத்தின் ஃபெங்யாங் பகுதியில், ஏழை விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1344-இல் வறட்சியும் வெட்டுக்கிளியும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வந்து தாய், தந்தை, மூத்த அண்ணன் மூவரையும் கொண்டுபோயின. அவர்களைப் புதைக்கக்கூடச் சொந்த நிலம் இல்லை. பையன் ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்தான். மடத்திலும் தானியம் தீர்ந்தபோது திருவோடு ஏந்தி ஊர் ஊராக அலைந்தான். மங்கோலியரின் யுவான் ஆட்சியை எதிர்த்து எழுந்த செந்தலைப்பாகைப் படையில் 1352-இல் சேர்ந்த அவர், 1356-இல் நான்ஜிங்கைப் பிடித்து, 1363-இல் போயாங் ஏரிப் போரில் தம் பெரும் போட்டியாளரான சென் யூலியாங்கை வீழ்த்தி, 1368-இல் ஹோங்வு என்ற ஆட்சிப் பெயருடன் அரியணை ஏறினார். சீன அரியணையில் அமர்ந்தவர்களில் பசியை இவ்வளவு நெருங்கி அறிந்தவர் அரிது. அவர் இயற்றிய ஒவ்வொரு சட்டத்திலும் அந்தப் பசியும், அதோடு வந்த அவநம்பிக்கையும் இருக்கின்றன.

31 மார்ச்

நான்ஜிங் கோட்டைச் சுவரின் செங்கற்களைப் படங்களில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம். பல செங்கற்களின் பக்கவாட்டில் எழுத்துகள் பதிந்துள்ளன: எந்த மாவட்டம், பொறுப்பதிகாரி யார், ஊர்த் தலைவர் யார், சூளைக்காரர் யார், கல்லறுத்தவர் யார். கல் உடைந்தால் கடைசித் தொழிலாளி வரை தேடிப் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சுவரில் சுமார் 25 கிலோமீட்டர் இன்றும் நிற்கிறது. ஏற்பாடு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்து சிலவற்றில் திருத்தமாகவும், சிலவற்றில் அவசரமாகக் கிறுக்கியது போலவும் இருக்கிறது. அரசர்கள் பெயர் மட்டுமே கல்லில் நிலைக்கும் உலகில், செங்கல் அறுத்தவரின் பெயரும் 600 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பது என்னை மிகவும் நெகிழ்த்தியது. அது தண்டிப்பதற்காகப் பொறித்த பெயர் என்பது அதே அளவுக்கு வருத்தியது.

3 ஏப்ரல்

1380-இல் முதலமைச்சர் ஹூ வெய்யோங் மீது சதிக்குற்றம் சுமத்தி மரண தண்டனை விதித்த பேரரசர், அந்தப் பதவியையே ஒழித்தார். ஆறு அமைச்சகங்களும் நேரே அவருக்குக் கட்டுப்பட்டன. அதன் சுமை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 1384-இல் எட்டே நாட்களில் அவர் முன் வந்த மனுக்கள் 1,660, அவற்றில் அடங்கிய விவகாரங்கள் 3,391. அவர் தாங்கினார். பிச்சை எடுத்து வளர்ந்த உடம்பு, உறங்காத மனம். ஆனால் அரண்மனையில் பிறந்து வளரும் பேரனுக்குப் பேரனும் இதைத் தாங்குவான் என்று எந்த நம்பிக்கையில் எழுதிவைத்தார்? சந்ததியினருக்கென அவர் தொகுத்த அறிவுரை நூலில், தாம் வகுத்த சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று ஆணையிட்டிருக்கிறார். மிங் வீழ்ச்சியின் வேர் பின்னால் வந்த சோம்பேறிப் பேரரசர்களிடம் மட்டும் இல்லை, இந்த ஆணையிலும் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

5 ஏப்ரல்

ஹோங்வுவின் மகன் யோங்லே, அண்ணன் மகனிடமிருந்து 1402-இல் அரியணையைப் பறித்து, பெய்ஜிங்கில் அரண்மனை நகரத்தைக் கட்டி, 1421-இல் தலைநகரை அங்கே மாற்றினார். 1405 முதல் 1433 வரை செங் ஹே தலைமையில் ஏழு முறை கடலோடிய பெருங்கப்பல் தொகுதி இவர் காலத்தில் தொடங்கியதே. இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்தப் பயணங்களின் சாட்சி: சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் மிங் பேரரசர் அளித்த காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது. பேரரசின் உச்சம் எது என்று கேட்டால் அரண்மனையைவிட இந்தக் கல்லையே நான் காட்டுவேன். 1449-இல் துமுவில் பேரரசரே மங்கோலியரிடம் சிறைப்பட்ட பிறகு, அரசின் கவனம் முழுவதும் வடக்கு எல்லைக்கும் நெடுஞ்சுவருக்கும் திரும்பிவிட்டது.

9 ஏப்ரல்

இன்று படித்ததை விரிவாகவே எழுதுகிறேன். மிங் பேரரசைத் தின்றது எது என்று ஒற்றை வரியில் சொல்லச் சொன்னால், அதன் சொந்தக் குடும்பம் என்பேன்.

ஹோங்வுவுக்கு மகன்கள் 26 பேர். பசியில் குடும்பத்தை இழந்தவர் அல்லவா, தம் வாரிசுகளில் ஒருவர்கூடப் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு இளவரசருக்கும் முதலில் ஆண்டுக்கு 50,000 ஷி தானியம் ஒதுக்கி, 1395-இல் அதை 10,000-ஆகக் குறைத்தார்; ஒரு ஷி என்பது சுமார் 100 லிட்டர். பட்டத்துக்கு மூத்த மகன் வாரிசு. மற்ற மகன்களுக்குப் படிப்படியாகக் குறையும் பட்டங்கள். ஆனால் குறைவது ஒரு மட்டத்தில் நின்றுவிடும். கடைசிப் படியான 200 ஷி, எட்டாம் தலைமுறைக்குப் பிறகும் என்றென்றைக்கும் உண்டு. இதற்கு ஈடாக அவர்கள் உழக் கூடாது, வணிகம் செய்யக் கூடாது, அரசுத் தேர்வு எழுதக் கூடாது, அனுமதியின்றி நகரை விட்டு வெளியேறவும் கூடாது. பிள்ளை பெறுவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு கூட்டம் பல்லாயிரமாகப் பெருகியது.

1562-இல் லின் ருன் என்ற அதிகாரி பேரரசரிடம் கணக்கை நேராகவே வைத்தார். நாடெங்கிலுமிருந்து தலைநகருக்கு வந்த தானியம் 40 லட்சம் ஷி. அரச குலத்துக்குத் தர வேண்டியது 85 லட்சத்து 30 ஆயிரம் ஷி. ஷான்சி மாகாணத்தில் உள்ளூர்ச் செலவுக்கென நிறுத்திய தானியம் 15 லட்சத்து 20 ஆயிரம். அங்கிருந்த அரச குலத்தாருக்கு உரியதோ 31 லட்சத்து 20 ஆயிரம். வசூல் முழுவதையும் வாரிக் கொடுத்தாலும் பாதிக்கூட அடையாது. கொடுமை என்னவென்றால், கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு இந்தத் தானியம் ஒழுங்காகப் போய்ச் சேரவே இல்லை. தொழில் செய்யவும் அனுமதி இல்லாமல், பேரரசரின் இரத்த உறவினர் பலர் வறுமையில் வாடினர். எந்தப் பசியிலிருந்து காக்க நினைத்தாரோ, அதே பசிக்குள் தம் பேரப்பிள்ளைகளைப் பூட்டிவைத்துவிட்டார்.

14 ஏப்ரல்

1375-இல் அச்சிட்ட மிங் காகிதப் பணம் ஒன்றின் படம் பார்த்தேன்: முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதம், ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட நீளம், நடுவில் பத்துச் சரம் செப்புக்காசுகளின் ஓவியம். கள்ள நோட்டு அடிப்பவருக்குத் தலை போகும், காட்டிக்கொடுப்பவருக்கு 250 லியாங் (சீன எடை அளவு) வெள்ளி என்று எச்சரிக்கை. ஆனால் அதைக் கொடுத்து அரசிடம் வெள்ளி வாங்க முடியாது. அடுத்த நூற்றாண்டில் அது மதிப்பற்றுப் போனது. மக்கள் வெள்ளிக்கு மாறினார்கள். வெள்ளியோ ஜப்பானிலிருந்தும், மணிலா வழியாக ஸ்பானிய அமெரிக்காவிலிருந்தும் வந்தது.

தலைமைச் செயலர் சாங் ஜூசெங் 1572 முதல் 1582 வரை நிலங்களை மறு அளவை செய்து, பலவகை வரிகளையும் ஊழியங்களையும் வெள்ளியில் செலுத்தும் ஒரே வரியாக்கி, கருவூலத்தை நிரப்பினார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் வீட்டை முத்திரையிட்டு மூடினார்கள். உள்ளே அகப்பட்ட உறவினர் பத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியால் மடிந்தார்கள். அதன் பிறகு சீர்திருத்தம் பேச யாருக்குத் துணிவு வரும்? சூச்சோவின் பட்டும் ஜிங்தேசென்னின் பீங்கானும் உலகெங்கும் விற்ற காலம் அது. நாடு ஏழையல்ல, அரசுதான் ஏழை.

19 ஏப்ரல்

பேரரசர் வான்லி பல ஆண்டுகள் அரசவைக்கே வரவில்லை. காலியான பதவிகளை நிரப்பவும் மறுத்தார். தமக்குப் பிரியமான மகனை வாரிசாக்க அதிகாரிகள் விடாததே பிணக்கின் மூலம். அந்த மகன் 1614-இல் பெரும் நிலக்கொடையுடன் லுவோயாங்குக்குப் போனார். 1619-இல் சார்ஹு போரில், வடகிழக்கில் எழுந்த மஞ்சு இனத்தாரின் தலைவர் நூர்ஹாசியிடம் மிங் படை சிதறியது. எல்லைப் போருக்கெனக் கூடுதல் வரி விழுந்தது. கிளர்ச்சியை அடக்க இன்னொன்று, படைப்பயிற்சிக்கு மூன்றாவது. மூன்றும் விவசாயி தலையில்.

25 ஏப்ரல்

1644-இல் இதே தேதியில்தான் கடைசிப் பேரரசர் சோங்சென், அரண்மனைக்குப் பின்னால் உள்ள குன்றில் தூக்கிட்டுக்கொண்டார். அவரை நான் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். இரவுபகலாக உழைத்தார். ஆனால் 17 ஆண்டுகளில் சுமார் 50 தலைமைச் செயலர்களை மாற்றினார். மஞ்சுக்களைத் தடுத்து நிறுத்திய தளபதி யுவான் சோங்ஹுவானை 1630-இல் துரோகி என்று கொன்றார். முன்னோரின் அவநம்பிக்கை அவரிடம் அப்படியே இருந்தது, முன்னோரின் திறமை இல்லை. 1629-இல் செலவைக் குறைப்பதற்காக அரசு அஞ்சல் நிலையங்களில் ஆட்குறைப்பு நடந்தது. பஞ்சம் வாட்டிய ஷென்சியில் (முன்பு சொன்ன ஷான்சிக்கு மேற்கே உள்ள வேறு மாகாணம்) அப்படி வேலை இழந்தவர்களில் ஒருவர் லீ ஸெசெங் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1641-இல் அவர் படை லுவோயாங்கை அடைந்தபோது, கூலி கிடைக்காத காவல் வீரர்களே கதவைத் திறந்தார்கள்; வான்லியின் செல்ல மகன் கொல்லப்பட்டார், அவர் களஞ்சியத் தானியம் பசித்தவர்களுக்குப் போனது. மூன்றாண்டுகளில் அதே படை பெய்ஜிங்குக்குள் நுழைந்தது. படைச்செலவுக்குப் பேரரசர் கைநீட்டியபோது பஞ்சப்பாட்டுப் பாடிய பிரபுக்களிடமிருந்து, லீயின் ஆட்கள் அடித்து உதைத்து வெள்ளியை மூட்டை மூட்டையாக எடுத்தார்கள்.

27 ஏப்ரல்

ஷான்ஹாய் கணவாயைக் காத்த தளபதி வூ சாங்குய் மஞ்சுக்களுடன் சேர்ந்தார். ஜூன் மாதத்தில் பெய்ஜிங் அவர்கள் கைக்குப் போனது. தெற்கில் மிங் பெயரால் நடந்த எதிர்ப்பு 1662 வரை நீடித்தது. மஞ்சுக்களின் புதிய சிங் அரசு அமைச்சகங்களையும் தேர்வு முறையையும் மிங்கிடமிருந்தே எடுத்துக்கொண்டது. 1699-இல் காங்சி பேரரசர் நான்ஜிங்கில் ஹோங்வுவின் சமாதிக்கே சென்று, அவர் ஆட்சி முந்தைய வம்சங்களான தாங், சோங் ஆட்சிகளையும் விஞ்சியது என்று கல்லில் எழுதிவைத்தார். ஆனால் மூன்று கூடுதல் வரிகளும் 1644-இலேயே நீங்கின. சிங் இளவரசர்களுக்கு மாகாணங்களில் இடம் கொடுக்கவில்லை. எல்லாரும் பெய்ஜிங்கிலேயே கண்பார்வையில் இருந்தார்கள். மிகச் சில குடும்பங்கள் தவிர, பட்டம் தலைமுறைக்கு ஒரு படி இறங்கிக்கொண்டே போனது.