மகளுக்குப் பனி, அம்மாவுக்குப் பழைய கல்: மார்ச் மாதத்தில் 11 நாள்

மகளுக்குப் பனியைப் பார்த்தால் மட்டும் போதாது, அதில் சறுக்க வேண்டும். அம்மா 30 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தைய கற்கோயில்கள் மால்டாவில் இருக்கின்றன என்று வகுப்பில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றுவிட்டார். நேரில் பார்த்ததில்லை. எனக்கு ஒரே ஒரு விடுமுறைதான் கிடைக்கும். ஆக, இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மார்ச் நடுவில் மகளுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்துவிடும், ஏப்ரலில்தான் அடுத்த வகுப்பு. அந்த இடைவெளி எங்களுக்கு நன்றாகவே பொருந்தியது. ஆல்ப்ஸின் தாழ்வான சரிவுகளில் அப்போது பனி உருகத் தொடங்கியிருக்கும். ஆனால் ஆஸ்திரியாவின் ஸ்டுபாய் பனியாறு 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் போகிறது, கோடைத் தொடக்கம் வரைகூட அங்கே சறுக்கலாம். மால்டாவிலோ ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அம்மாவைக் கல்லுக்குக் கல் நடக்க வைக்க முடியாது. மார்ச்சில் ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும்.

முதலில் நான் பதிவு செய்தது விமானமோ ஹோட்டலோ இல்லை, ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியத்துக்கான மூன்று டிக்கெட். மால்டாவில் பாவோலா என்ற ஊரில், வீடுகளுக்கு அடியில், பாறையைக் குடைந்து செய்த நிலத்தடி ஈமக்கூடம் அது. ஒரு குழுவில் 10 பேரைத்தான் விடுகிறார்கள். நம் மூச்சில் வரும் ஈரமும் கரியமில வாயுவும் உள்ளே இருக்கும் செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. மாதக் கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும். டிசம்பரில் நான் பார்த்தபோது எங்கள் தேதிகளுக்குள் மூன்று பேருக்கும் சேர்ந்து இடம் இருந்தது ஒரே ஒரு காலையில்தான், மார்ச் 21. அதை வாங்கிவிட்டு, அந்த நாளைச் சுற்றி மற்றதை எல்லாம் அடுக்கினேன்.

அப்புறம் விசா. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நிமிடம் என்றால் 15 நாள். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முடிந்து 12 ஆகாத பிள்ளைகளுக்கு 45. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், முதலில் எங்கே இறங்குகிறோம் என்பது நாட்கள் சமமாக இருந்தால்தான் கணக்கில் வரும். நாங்கள் இறங்கியது ஜெர்மனியின் மியூனிக்கில், ஆனால் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 5 இரவு, மால்டாவில் 6 இரவு. எனவே மால்டா விசா. டிக்கெட்டையும் சென்னையிலிருந்து மியூனிக், திரும்பும்போது மால்டாவிலிருந்து சென்னை என்று எடுத்தேன். வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு நாள் மிச்சம்.

காப்பீடு பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அது இருந்தால் பனிச்சறுக்கில் கால் உடைந்தாலும் சேர்ந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் பனி விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. 1964, 1976 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். தெருவின் முனையிலேயே மலை நிற்கிறது. அங்கிருந்து பனியாற்றின் அடிவாரத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை பேருந்து முழுக்க ஹெல்மெட்டும் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையுமாக இருக்கிறது. மகள் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

ஸ்கீயில் எல்லாமே காலில் மாட்டும் பூட்ஸில்தான் இருக்கிறது. முதல் நாள் வாடகைக் கடையில் கூட்டம், அவசரத்தில் மகளுக்கு ஒரு அளவு பெரியதைக் கொடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உரசிச் சிவந்துவிட்டது. பயிற்சியாளர்தான் சொல்லிக்கொடுத்தார்: நேராக நின்றால் கால் விரல் முன்னால் லேசாக இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் பின்னால் வந்துவிட வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது. இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் போடக் கூடாது, நீளமான மெல்லிய ஒன்றே போதும். கடையில் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். விழும்போது ஸ்கீ எந்த அழுத்தத்தில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை எடை, உயரம், திறமை போன்றவற்றை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள்.

முதல் பாடம் நிற்பதற்கு. ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரித்து, பீட்சா துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். பிள்ளைகளைப் பார்த்து "பீட்சா, பீட்சா!" என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருப்பார். மூன்றாவது நாள் மகள் நீலச் சரிவில் தனியாக இறங்கி வந்தாள். அங்கே நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நான் அடிவாரத்தில் நின்றிருந்தேன். அவள் வளைந்து, பீட்சா போட்டு, என் முன்னால் நின்றதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

சறுக்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கோண்டோலாவுக்கு, அதாவது கம்பியில் தொங்கி மலையேறும் ரோப் காருக்கு, மட்டும் தனி டிக்கெட் இருக்கிறது. அம்மா அதில் ஏறி, 3,210 மீட்டரில் இருக்கும் பார்வை மேடைக்கு நின்று நின்று மூச்சு வாங்கிப் போய் வந்தார். மார்ச் வெயில் பனியில் பட்டுத் தெறித்து முகத்தைக் கருக்கிவிடும். சன்ஸ்கிரீனும் கறுப்புக் கண்ணாடியும் கையுறைக்குச் சமமான அவசியம்.

18-ஆம் தேதி மால்டா. காலையில் பனி, மாலையில் தேன் நிறக் கல். நம்மூர் மாதிரியே இடது பக்கம் வண்டி ஓடுகிறது, 1964 வரை பிரிட்டன் கையில் இருந்த தீவு. மொழி அரபியிலிருந்து வந்தது, எழுதுவது ரோமன் எழுத்தில். துபாயில் இருந்தவர்களுக்கு அவர்கள் எண்ணுவது பழகின சத்தமாக இருக்கும். தலைநகர் வாலெட்டா, 1565-ல் ஒட்டோமான் படையின் முற்றுகையைத் தாங்கிய மறு வருடம் அடிக்கல் போட்ட கோட்டை நகரம். அங்கே புனித யோவான் இணைப் பேராலயத்தில் கரவாஜியோ 1608-ல் வரைந்த யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இருக்கிறது. தரையில் சிந்திய ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான் என்று அம்மா மகளுக்குப் பாடம் நடத்தினார்.

அம்மா வகுப்பில் சொன்ன கற்கோயில்களில் ஒன்றான ம்னைட்ராவில் மார்ச் 20-ஐ ஒட்டிய சம இரவு நாளில் உதிக்கும் சூரியன் நேராக வாசல் வழியே உள்ளே விழும். அந்த விடியலுக்கு எங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மதியம் போனோம். அம்மா வாசலில் நின்று, ஒளி எங்கிருந்து எங்கே போகும் என்று கையை நீட்டி மகளுக்குக் காட்டினார். மால்டாவின் இன்னொரு தீவான கோசோவுக்குப் படகில் 25 நிமிடம், டிக்கெட் வாங்குவது திரும்பும்போதுதான்.

21-ஆம் தேதி காலை ஹைப்போஜியம். பையும் போனும் வெளியே பெட்டகத்தில். 1902-ல் வீடு கட்டும்போது தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய வேலையாட்கள் கண்ணில் பட்ட இடம் இது. சுமார் 7,000 பேரின் எலும்புகள் உள்ளே இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மங்கலான விளக்கில், கூரையில் சிவப்புச் சுருள்கள் சுருண்டு சுருண்டு போகின்றன. அதைவிட என்னை நிறுத்தியது ஒரு அறை. மேலே நிலத்தில் கல் அடுக்கிக் கட்டிய கோயிலின் தூண், வாசல், உள்நோக்கிக் குறுகும் கூரை எல்லாவற்றையும் அப்படியே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள கோயில்களுக்கு இன்று கூரை இல்லை. அது எப்படி இருந்திருக்கும் என்பதற்கான தடயம் இந்த இருட்டில் இருக்கிறது. உலோகக் கருவி இல்லாத காலத்து வேலை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அங்கே கிடைத்த தூங்கும் பெண் சிலை இப்போது வாலெட்டாவின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் தனி அறையில் இருக்கிறது. பெரியதாக எதிர்பார்த்துப் போனோம். 12 சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண். ஒரு கை தலைக்குக் கீழே. அம்மா கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்தபடி வெகுநேரம் நின்றார். மகள் அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்:

"பாட்டி, இவங்களும் உங்கள மாதிரியேதான் ஒருக்களிச்சுப் படுத்திருக்காங்க."