ஐம்பத்தேழு சுற்று

செருப்பைக் கழற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ மாவட்டத்தில் இருக்கிறது க்ரோ பேட்ரிக் மலை. அதில் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அன்று என் கண்ணெதிரே நிறையப் பேர் அப்படித்தான் ஏறினார்கள். நான் கனத்த அடி வைத்த ஷூ போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்போடு போனேன். கம்பும் என்னுடையதில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டியுடையது.

பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் அறுவை சிகிச்சை ஆனபிறகு மலைப் பக்கமே போகவில்லை. ஜூலை பிறந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எனக்காக ஒரு தடவை போய்விட்டு வருவாயா?" என்று கேட்டார். நான் உங்கள் மதமில்லையே என்றேன். "மலைக்கு அது தெரியாது" என்று சொல்லிவிட்டு, தேநீரை ஊற்றிக்கொண்டே விதிமுறைகளை ஆரம்பித்தார். "இப்போதெல்லாம் எல்லாரும் ஏறுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள், இறங்குகிறார்கள். யாரும் சுற்றுவதில்லை. நீ சுற்ற வேண்டும்."

மலைமேல் மூன்று இடங்கள். முதல் இடத்தில் ஒரு கற்குவியலை ஏழு முறை சுற்ற வேண்டும். உச்சியில் கோயிலைப் பதினைந்து முறை, புனித பேட்ரிக்கின் படுக்கை என்று சொல்லும் இடத்தை ஏழு முறை. மூன்றாவது இடத்தில் மூன்று கற்குவியல்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு, கடைசியில் அந்த இடம் முழுவதையும் சேர்த்து ஏழு. சுற்றுக்குச் சுற்று ஜெபம் உண்டு. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தேழு.

"எண்ணிக்கை தவறக் கூடாது. கூழாங்கல் எடுத்துக்கொள்" என்றார்.

ஜூலை கடைசி ஞாயிறுக்கு 'ரீக் சண்டே' என்று பெயர். ரீக் என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்த மலைதான். அந்த ஞாயிறுக்கு க்ரோம் டூ என்ற பழைய தெய்வத்தின் பெயரைச் சேர்த்தும் ஒரு பெயர் உண்டு. கிறிஸ்தவம் வருவதற்கு முன்னாலேயே அறுவடை தொடங்கும் காலத்தில் லூ என்ற தெய்வத்துக்கு எடுத்த லூனசா விழாவின் தொடர்ச்சிதான் இந்த மலை ஏற்றம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மலைக்கே அப்போது வேறு பெயர், க்ரூஅஹான் அய்க்லா. பெயர் மாறியது, தெய்வம் மாறியது, ஏறுகிற கால் மட்டும் நிற்கவில்லை.

வெஸ்ட்போர்ட் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மரிஸ்க் என்ற சிற்றூர். மலையடிவாரம் அதுதான். காலை ஆறரைக்கே கார் நிறுத்த இடமில்லை. கம்பு விற்பவர்கள், மீட்புக் குழுவினர், மஞ்சள் சட்டைத் தன்னார்வலர்கள். அடிவாரத்தில் 1928-இல் வைத்த பேட்ரிக்கின் வெள்ளைச் சிலை. பனிமூட்டத்தில் மலை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. இங்கே வானிலையை நம்ப முடியாது: 2015-இல் இதே நாளில் புயல் அடித்து உச்சித் திருப்பலிகளையே ரத்து செய்திருக்கிறார்கள்.

764 மீட்டர்தானே என்று நினைத்துவிடக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து அத்தனையையும் கணக்குத் தீர்த்து ஏற வேண்டும். முதல் பாதி பரவாயில்லை, ஓடை ஓரமாகவே ஏறும் பாதை. அப்புறம் குதிரைச் சேணம் போல ஒரு சமதளம் வரும். அதற்கு மேல்தான் கூம்பு, முழுக்க உருளும் கல். வருஷத்துக்கு லட்சம் பேருக்கு மேல் மிதித்து மலை தேய்ந்துபோனதால், அண்மை ஆண்டுகளில் கையாலேயே கல் அடுக்கிப் பாதை போட்டிருக்கிறார்கள். முன்பு இன்னும் மோசமாம். பாட்டி இளம் வயதில் ஏறியது இரவில். 1973 வரை இரவு ஏற்றம்தான் வழக்கம். "மேலே பார்த்தாலும் விளக்கு, கீழே பார்த்தாலும் விளக்கு. கால் வைக்கும் இடம் மட்டும் தெரியாது" என்பார்.

கூம்பின் அடியில் முதல் இடம், லாக்த் பெனான். பேட்ரிக்கின் சீடர் பெனானின் பெயரில் ஒரு கற்குவியல். பக்கத்தில் ஒரு பலகையில் முறைகள் எழுதியிருந்தன. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பலகையைப் பார்த்தார்கள், மூச்சு வாங்கினார்கள், மேலே போய்விட்டார்கள். பாட்டி சொன்னது சரிதான்.

நான் ஏழு கூழாங்கற்களை இடது கையில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். வலமாகத்தான் சுற்ற வேண்டும். சூரியன் போகும் திசை. ஐரிஷ் மொழியில் அதற்கு 'டெஷல்' என்று பெயர். பழைய ஐரிஷில் 'டெஸ்' என்றால் வலது, தெற்கு என்று இரண்டு பொருளும் உண்டு. நாம் பிரதட்சிணம் என்கிறோமே, அதற்குள் இருக்கும் 'தட்சிண'த்துக்கும் வலது, தெற்கு என்ற அதே இரண்டு பொருள். இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்த சொற்கள். கிழக்கே பார்த்து நின்றால் வலக்கை தெற்கே இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. கிழக்கைப் பார்த்து நின்ற யாரோ ஒருவரின் வலக்கை, ஒரு பக்கம் என் ஊர்ப் பிள்ளையார் கோயில் வரைக்கும் இன்னொரு பக்கம் இந்த ஈரக் கல் வரைக்கும் நீண்டிருக்கிறது என்று நினைத்தபோது, நான் வேற்றாள் என்ற கூச்சம் போய்விட்டது.

ஜெபம் எனக்குப் புதிதில்லை. படித்தது கன்னியர் பள்ளி. பரமண்டல ஜெபமும் அருள் நிறைந்த மரியும் பத்து வருஷம் காலைக் கூட்டத்தில் சொன்னது, நாக்கு மறக்கவில்லை. அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்து இறங்கியது 1842-இல். அவர்கள் கொண்டுவந்த ஜெபத்தைக் கடலைத் தாண்டித் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று பாட்டியிடம் சொன்னால் சிரிப்பார். விசுவாசப் பிரமாணம் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. அங்கே முருகா முருகா என்று நிரப்பிக்கொண்டேன். பாட்டி அதற்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்திருந்தார்: "தெரிந்ததைச் சொல். எண்ணிக்கைதான் முக்கியம்."

கூம்பு ஏறிய முக்கால் மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்னால் போகிறவரின் குதிகாலைத்தான் பார்த்தேன். ஒருவரின் குதிகாலில் ரத்தம், பக்கத்தில் ஒரு சின்னப் பையனின் கால் முழுக்கச் சேறு, அவன் அம்மா ஷூவைக் கையில் பிடித்திருந்தார். இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்: "கிட்டே வந்துவிட்டீர்கள்."

உச்சியில் வெள்ளைக் கோயில். 1905-இல் கட்டியது. சிமென்ட்டும் சாமானும் கழுதைமேல் ஏறி வந்தவை. ஆனால் இங்கே கும்பிடுவது அதைவிட மிகப் பழையது. 1994-95 அகழாய்வில் இதன் பக்கத்திலேயே ஒரு சிறு கல் ஆலயத்தின் அடித்தளம் கிடைத்தது. கரிமக் கணக்கில் அதன் காலம் கி.பி. 430-க்கும் 890-க்கும் நடுவில். காலை முதல் திருப்பலி நடந்துகொண்டே இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்ய, நனைந்த மழைக்கோட்டுகளோடு ஒரு வரிசை.

பேட்ரிக் கதை எனக்கு இங்கே வந்தபின்தான் பிடிபட்டது. அவர் ஐரிஷ்காரரே இல்லை. பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் கடல் கொள்ளையர் பிடித்து வந்து இங்கே அடிமையாக்கினார்கள். ஆறு வருஷம் ஆடு மேய்த்து, தப்பி ஓடி, அப்புறம் தன்னை அடிமையாக வைத்திருந்த நாட்டுக்கே பிரசங்கம் செய்யத் திரும்பி வந்தார். இதை அவரே லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார். இந்த மலையில் நாற்பது நாள் உண்ணாமல் இருந்தார் என்பது அவர் எழுதியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் டீரஹான் என்ற பிஷப் எழுதியது. பறவைகள் மொய்த்துக்கொண்டு வானம், நிலம், கடல் எதையும் பார்க்கவிடாமல் செய்தன என்கிறார்.

பாம்புகளை விரட்டிய கதைதான் உலகத்துக்குத் தெரியும். அது எனக்குச் சுவைக்கவில்லை. பனியுகத்துக்குப் பிறகு இந்தத் தீவில் விரட்டுவதற்குப் பாம்பே கிடையாது. எனக்குப் பிடித்தது பிற்காலத்தில் சேர்ந்த கதை. நாற்பது நாள் முடிந்தது, தேவதூதன் வந்து, போதும் இறங்கு என்கிறான். பேட்ரிக் மாட்டேன் என்கிறார். கேட்டது கிடைக்காமல் இறங்கமாட்டேன். தூதன் மேலே போய்க் கேட்டுவிட்டு வருகிறான், ஒன்று கிடைக்கிறது. இன்னும் ஏதாவது உண்டா என்கிறார். திரும்பவும் மேலே போகிறான். பிரளயத்துக்கு ஏழு வருஷம் முன்பே அயர்லாந்து கடலில் முழுகிவிட வேண்டும், அந்தக் கடைசி நாள் கொடுமையை என் ஜனங்கள் பார்க்கக் கூடாது. சரி. தீர்ப்பு நாளில் ஐரிஷ்காரர்களுக்கு நீதிபதி நான்தான். அது முடியாது என்கிறான் தூதன். அப்படியானால் இங்கேயே கிடக்கிறேன் என்கிறார் பேட்ரிக். கடைசியில் அதுவும் சரி.

கடவுளிடமே உண்ணாவிரதப் போராட்டம்! இது வெறும் கற்பனை இல்லை. பழைய ஐரிஷ் சட்டத்தில் 'ட்ரொஸ்கத்' என்று ஒரு முறை உண்டு. பெரிய மனிதன் ஒருவன் கடனைத் தரவில்லை, அநியாயம் செய்துவிட்டான் என்றால், பாதிக்கப்பட்டவன் அவன் வாசலில் போய்ப் பட்டினி கிடப்பான். அதை மதிக்காமல் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குத்தான் சட்டத்தில் அவமானம். அந்த ஊர் வழக்கத்தையே எடுத்து பேட்ரிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பக்தியில் இப்படி ஓர் உரிமை இருப்பது நமக்குப் புரியாததா என்ன? திட்டியே பாடிய அடியார்கள் நமக்கும் உண்டு.

பறவைகளுக்கு வருகிறேன். அவை பேய்கள். ஜெபத்துக்கும் பாட்டுக்கும் போகாததால் பேட்ரிக் தன் மணியைத் தூக்கி எறிந்தாராம். அந்த மணி இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கறுத்த சிறு இரும்பு மணி. ஒரு காலத்தில் அதை வைத்திருந்தவர்கள் யாத்திரை நாளில் மேலே கொண்டுவருவார்கள். ஒரு பென்னி கொடுத்தால் முத்தமிடலாம். மூட்டுவலிக்காரர் இரண்டு பென்னி கொடுத்தால் உடம்பைச் சுற்றி மூன்று முறை கொண்டுவருவார்கள். கட்டணத்தைப் படித்ததும் ஒரு நிம்மதி, கோயில் என்றால் எங்கும் கோயில்தான்.

கோயிலைச் சுற்றுவதுதான் பெரும்பாடு. பதினைந்து கூழாங்கல். காற்று ஆளைத் தள்ளுகிறது, எதிரே வருகிறவர்களுக்கு வலம் இடம் எதுவும் கிடையாது. பத்தாவதோ பதினொன்றாவதோ, கையில் இருந்த கற்களோடு பாக்கெட்டில் இருந்த முதல் ஏழும் கலந்துவிட்டன. அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் வெறுங்காலோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் கையைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, "சந்தேகம் வந்தால் ஒன்று கூடச் சுற்று. குறைத்துக் கொடுத்தால்தான் அவர் கேட்பார்" என்றார். ஒன்று கூடவே சுற்றினேன். பிறகு லாபா ஃபாட்ரிக், பேட்ரிக்கின் படுக்கை. இரும்புக் கம்பி வளைவுக்குள் ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஏழு முறை. அதற்குள் ஷூவில் தண்ணீர் புகுந்து, பாட்டியின் கம்பு பிடித்த கை விறைத்துவிட்டது.

அப்போது பனி விலகியது. ஐந்து நிமிஷம் இருக்கும். கீழே க்ளூ விரிகுடா, அதில் பச்சைப் பச்சையாகச் சிதறிய தீவுகள். நாளுக்கு ஒன்றாக 365 என்பார்கள். சுற்றி நின்ற யாரும் பேசவில்லை. 1113-இல் பேட்ரிக் திருநாள் இரவில் இதே உச்சியில் இடி விழுந்து, நோன்பிருந்த முப்பது பேர் இறந்ததாகப் பழைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அன்றைக்கும் பெருமழைக்கு நடுவில் இப்படி ஏதோ ஒரு கணம் அவர்களுக்குத் திறந்திருக்கலாம். மூடிக்கொண்டது.

மூன்றாவது இடம் ரெலிக் விர்ரா, மரியாளின் கல்லறைத் தோட்டம். அது மேற்குச் சரிவில், எல்லாரும் வந்து போகிற பாதைக்கு எதிர்ப்பக்கம். அங்கே இறங்கினால் திரும்ப ஏறியாக வேண்டும். பாதையில் நான்கைந்து பேர் மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்று பார்த்தேன். முழங்கால் இரண்டும் நடுங்கின. இருபத்தெட்டு சுற்று பாக்கி.

போகவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. ஒவ்வொரு கல்லும் நம்மோடு சேர்ந்தே இறங்குகிறது. அடிவாரத்தில் சாலைக்கு எதிர்ப்புறம் 1997-இல் வைத்த வெண்கலக் கப்பல் நிற்கிறது. 1840-களின் பெரும் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன கப்பல்களின் நினைவு. பாய்மரக் கயிறுகள் இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள். மேலே ஒருவர் விரும்பி நாற்பது நாள் பட்டினி கிடந்த கதை, கீழே பத்து லட்சம் பேர் செத்துப்போன பஞ்சம். அங்கேயே சுவரில் உட்கார்ந்து ஈரக் காலுறையைக் கழற்றினேன். அப்போதுதான் கால் மண்ணில் பட்டது.

மறுநாள் கம்பைக் கொடுக்கப் போனேன். பாட்டி அதை வாங்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"ரெலிக் விர்ரா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை. முப்பதோடு நின்றுவிட்டது. அதிலும் ஒன்று சந்தேகத்துக்குச் சுற்றியது."

பாட்டி எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "நான் ஏழு தடவை ஏறினேன்" என்றார். "ரெலிக் விர்ராவுக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன். அதுவும் பனியில் வழி தவறி."

கூழாங்கற்களை மேசையில் வைத்தேன். பாட்டி ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ண ஆரம்பித்தார்.