திறந்தே விட்ட காயம்

வாலெலும்புக்குச் சற்று மேலே, பிட்டப் பிளவில் முடி தோலுக்குள் குத்தி இறங்கிச் சீழ்க்குழியாகிவிடுவதுதான் பிலோனிடல் சைனஸ். எனக்கு மறுபடியும் சீழ் கட்டியதால், சர்ஜன் அந்த இடத்தையே வெட்டியெடுத்துவிட்டுத் தையல் போடாமல் திறந்தே விட்டார். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும், ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் காயத்தை நானே பார்க்க முடியாது என்பதுதான் பெரும்பாடு.

டிரெஸ்ஸிங் பொறுப்பு மனைவிக்கு. ஹேண்ட் ஷவரில் வெதுவெதுப்பான நீரைக் காயத்தின்மேல் ஓடவிட்டு, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியைக் குழிக்குள் தளர்வாக வைப்பாள். இறுக்கித் திணித்தால் சதை வளர இடமிருக்காது. வைக்காமல் விட்டாலோ மேல்தோல் முந்திக்கொண்டு மூடி, உள்ளே பொந்து தங்கிவிடும். அரை மணி நேரம் முன்பே பாராசிட்டமால் போட்டுக்கொள்வேன். ஒட்டிப்போன பழைய காஸை உரிக்காமல் நீரில் ஊறவிட்டு எடுத்தால் பாதி வேதனை இல்லை. கசிவுக்கு சானிட்டரி நாப்கினை மிஞ்சியது எதுவுமில்லை. ஆண்களே, கூச்சப்படாதீர்கள்.

வாரம் ஒருமுறை அவள் செல்போனில் படமெடுத்துக் காட்டுவாள். ஒருமுறை குழியில் மஞ்சள் படலத்தைப் பார்த்துக் கலங்கிவிட்டோம். அது சீழல்ல, ஆறும் காயத்தில் வருவதுதான் என்றார் டாக்டர். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, துர்நாற்றம் இருந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம், மூலமா, பவுத்திரமா? இரண்டும் இல்லை என்று விளக்கி விளக்கி ஓய்ந்துபோனேன். பெரியம்மா கருணைக்கிழங்கும் துத்திக்கீரையுமாக வந்து இறங்கினார். சைனஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் மலச்சிக்கல் இல்லாமல், முக்காமல் காலம் கழிந்ததில் அந்தக் கீரைக்கும் பங்கிருக்கலாம்.

குப்புறப் படுத்தே கிடந்ததில் கழுத்தும் முழங்கையும் தனியாக வலித்தன. வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை, மற்ற நேரம் ஒருக்களிப்பு என்று சமாளித்தேன். வளையத் தலையணை எனக்கு ஒத்துவரவில்லை. உட்கார்ந்தால் காயத்தின் இரு ஓரங்களையும் பிரித்து இழுப்பதுபோல் இருந்தது.

முடிதான் பரம எதிரி. காயத்தைச் சுற்றி மழிப்பதோடு தீராது, தலையிலிருந்து உதிரும் துணுக்கும் முதுகு வழியாக அங்கே இறங்கிவிடும். முடிதிருத்துபவர்களுக்கு வாடிக்கையாளரின் முடி விரலிடுக்கில் குத்தி இதே நோய் வருவதுண்டு. ஆகவே முடி வெட்டிக்கொண்டால் நேரே குளியலறைக்குத்தான்.

இப்போது குழி ஏறக்குறைய மூடிவிட்டது. பைக் ஓட்ட இன்னும் அனுமதி இல்லாததால் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறேன். இருக்கை காலியானால் யாராவது “உட்காருங்கள் தம்பி” என்கிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்குவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நிறுத்தம்வரை போய்க்கொண்டிருக்கிறேன்.